கூடையக் கவுத்தாரு டேகார்ட்

கேள்வி: எல்லாத்தையும் சந்தேகப்படுன்னு பிரெஞ்சு தத்துவவாதி டேகார்ட் சொன்னாராமே, அப்புறம் எதைத்தாங்க நம்புறது? – வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: மாங்கா ஊர்க்காரருக்கு இது ஈஸிங்க. கூடைல அழுகல் இருக்குமோன்னு டவுட் வந்தா மேல இருக்குற நாலு பெங்களூராவ மட்டும் பாத்துட்டு விட மாட்டீங்க, மொத்தத்தையும் சாக்குல கொட்டி ஒண்ணொண்ணா காம்புப் பக்கம் அமுக்கிப் பாத்து நல்லத மட்டும் திருப்பி அடுக்குவீங்கல்ல, அவரும் இதே உதாரணத்தத்தான் சொன்னாரு, என்ன, அவரு கூடைல இருந்தது ஆப்பிள். 1641ல வந்த ‘தியானங்கள்’ல கண்ணு காது சொல்றது, இது கனவோ, ரெண்டும் மூணும் அஞ்சுங்கறது கூட யாரோ ஏமாத்துறதோன்னு எல்லாத்தையும் கொட்டிட்டாரு. ஆனா ஏமாறுறதுக்கும் ஒரு ஆள் வேணுமே, அந்த ‘நான்’ இருக்கேன்ல? அது ஒண்ணுதான் அழுகாம நின்னுச்சு.

திருப்பி அடுக்குறப்பதான் சிக்கல். தெளிவா தெரியுறத நம்பலாம், ஏன்னா கடவுள் ஏமாத்த மாட்டாருங்கறாரு, அந்தக் கடவுள நிரூபிக்கவே அதே தெளிவத்தான் யூஸ் பண்றாரு. அப்பவே அர்னோன்னு ஒரு பிரெஞ்சு இறையியலாளர் இத புடிச்சு கேட்டுட்டாரு, டேகார்ட் சொன்ன பதில் எனக்கு இன்னும் செட் ஆகல. டச்சு தத்துவவாதி ஸ்பினோசா வேற ரூட்டு, 1677ல வந்த ‘எதிக்ஸ்’ல கடவுளையே ஜியாமெட்ரி தேற்றம் மாதிரி நிரூபிக்கப் பாத்தாரு, பத்தாவது கணக்கு நோட்ட பாத்து பயந்தவங்க மெதுவா தொடங்குங்க.