வினாடி வினாவும் கரிச்சட்டியும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற மாதம் அறிவியல் வினாடி வினாவில் அவள் அணிக்கு முதல் பரிசு. மலைமேல் கொதிநிலை ஏன் குறைகிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் வாயு எது, தண்ணீர் எத்தனை டிகிரியில் உறையும் என்று கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னாளாம். வீட்டில் பருப்புக்கு எத்தனை விசில் என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறாள். நேற்று ராத்திரி குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்து, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். "இந்தக் கோப்பை சோறு போடுமா?" என்றார் அவள் அப்பா. எங்களுக்கு இருப்பது கொஞ்சம் உருளைக்கிழங்குத் தோட்டம்தான். இந்தப் போட்டிகளுக்கெல்லாம் இனியும் அனுப்பத்தான் வேண்டுமா?

எஸ்., தலைகுந்தா (ஊட்டி அருகே)

அன்புள்ள எஸ்.,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தக் கரிச்சட்டியை வெளியே வையுங்கள். உங்கள் மகள் மேடையில் சொன்ன வாயு அதிலிருந்துதான் வருகிறது, கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் உட்கார்ந்துகொள்ளும். புகை அடங்கி, கரி செக்கச்செவேலென்று கனிந்த பிறகுதான் நாம் சட்டியை உள்ளே எடுத்து வருகிறோம், புகைதான் இல்லையே என்ற தைரியத்தில். புகை போனாலும் வாயு போவதில்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும் என்பார்கள், நம்ப வேண்டாம். காலையில் தலை கனத்தால் பழியைக் குளிர்மேல் போடாதீர்கள். மலைக்குச் சுற்றுலா வந்தவர்கள் அறைக்குள் கரி வைத்துத் தூங்கி, எழுந்திருக்காமலே போன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பதில் தெரிந்த பிள்ளைக்குச் சட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் ஏன் அது தோன்றவில்லை? அவளைக் குறை சொல்ல மாட்டேன். போட்டியில் கேள்வியை வேறொருவர் தயாரித்துக் கையில் கொடுத்துவிடுகிறார். அடுத்தது வேதியியல் சுற்று என்று அறிவிப்பும் உண்டு. வீட்டில் யார் அறிவிப்பது? இது ஒரு கேள்வி என்று முதலில் நமக்கே பட வேண்டும். வினாடி வினா அந்தப் பழக்கத்தைத் தராது. ஆனால் பதிலே கையிருப்பில் இல்லாதவருக்கு அந்தக் கேள்வி எழவும் வழியில்லை. அதனால் கோப்பையைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை (அவள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்).

இனி விசில். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி குறையும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர். 93 டிகிரியை ஒட்டியே தண்ணீர் கொதித்துவிடுகிறது, பருப்பு வேகாமல் அடம்பிடிக்கிறது. இதுவரை அவள் சொல்லிவிடுவாள். "குக்கர்தான் மூடியிருக்கிறதே, அதற்கு ஏன் கூடுதல் விசில்?" என்று கேட்டுப் பாருங்கள். குக்கர் வெயிட் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் ஒரு குறிப்பிட்ட அளவைத்தான் தாங்கும். இங்கே அந்த வெளிக்காற்றே சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். கீழே மேட்டுப்பாளையத்தில் 120 டிகிரியைத் தொடும் குக்கர் உங்கள் அடுப்பில் 115, 116-லேயே நின்றுவிடும். இன்னொன்று, திறந்த பாத்திரத்தில் கொதி வந்த பிறகு எவ்வளவு தீயைக் கூட்டினாலும் தண்ணீர் அந்த 93-ஐத் தாண்டாது. வேகமாக வற்றும், அவ்வளவுதான். கொதித்ததும் சிம்மில் வைத்துவிடலாம். கேஸ் விற்கிற விலைக்கு இது ஒன்று போதாதா?

எனக்கு இதைவிடப் பிடித்தது உங்கள் ஊர் உறைபனி. ஜனவரியில் ஊட்டியில் 2 டிகிரி என்று பேப்பரில் போடுகிறார்கள். தண்ணீர் பூஜ்யத்தில்தானே உறையும், புல்வெளி எப்படி வெள்ளையாகிறது? அவர்களுடைய தெர்மாமீட்டர் கிட்டத்தட்ட ஆளுயரத்தில், ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டு, மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். மேட்டுத் தோட்டம் தப்பித்துக்கொள்ள, பள்ளத்தில் இருக்கிற உருளைக்கிழங்குச் செடி கருகுவது இதனால்தான். எந்தப் பாத்தி முதலில் கருகும் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு அனுபவத்திலேயே தெரிந்திருக்கும். ஏன் என்பதை மகள் சொல்லட்டும்.

போட்டிக்கு அனுப்புங்கள். கூடவே, 1993-இல் தேசிய அளவில் தொடங்கிய குழந்தைகள் அறிவியல் மாநாடு பற்றிப் பள்ளியில் விசாரியுங்கள். 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, தாங்களே அளந்து எழுதிக் கொண்டுபோகிற ஏற்பாடு அது. தலைப்புக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. இரண்டு தெர்மாமீட்டர் வாங்கி, ஒன்றைப் புல்மேலும் இன்னொன்றை ஆளுயரக் கம்பிலும் வையுங்கள். டிசம்பரில் விடிவதற்கு முன்னால் எழுந்துபோய் இரண்டையும் பார்த்து எழுத வேண்டும். இருட்டில் தனியாக அனுப்பாதீர்கள், டார்ச்சைக் கொடுத்து அவள் அப்பாவையும் எழுப்பி அனுப்புங்கள்.

அன்புடன்