எஞ்சினியர்ட் மரத்தளம்: மேலே மரம், அடியில் என்ன?

மரத்தூளை அமுக்கிச் செய்வதுதானே இது? (கல்லடி வாசகி)

இல்லை. நீங்கள் நினைப்பது லெமினேட். அதில் மேலே தெரிவது மரத்தின் படம் அச்சடித்த தாள். எஞ்சினியர்டில் மேல்தோல் அசல் மரம்: ஓக்கோ தேக்கோ. நடுவில் பெரும்பாலும் பிளைவூட். சிலர் நார்ப்பலகை (மரநாரை அமுக்கிச் செய்த பலகை) வைப்பார்கள். ஈரம் ஏறும் வாவியோர வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

முழுத் தேக்குப் பலகை இருக்க, ஒட்டுப்பலகை எதற்கு? (களுவாஞ்சிக்குடி ஓடாவி ஒருவர்)

உங்களுக்குத் தெரியாததா? மார்கழி மழையில் இறுகி நிற்கும் கதவு, கச்சான் காற்று வீசும் ஆடியில் லொடலொடக்கும். ஈரம் குடித்த மரம் அகலத்தில்தான் ஊதும். நீளத்தில் அசைவு மிகக் குறைவு. அந்தக் குணத்தை வைத்தே நடுவிலிருக்கும் பிளைவூட்டைச் செய்கிறார்கள். பிர்ச், யூக்கலிப்டஸ் போன்ற குற்றிகளை வெந்நீரிலோ ஆவியிலோ பதமாக்கி, சுழலவிட்டு, நீளக் கத்தியால் மெல்லிய தகடாக உரிப்பார்கள். தகடுகளைக் காயவைத்துப் பசை தடவி, ஒன்றின் நார் நீளவாக்கில் என்றால் அடுத்தது குறுக்கே வரும்படி அடுக்கி, சூட்டோடு அழுத்துவார்கள். ஒன்று ஊதப் பார்த்தால் மற்றது இழுத்துப் பிடிக்கும். மேல்தோலுக்கான மரத்தை அறுத்தோ சீவியோ எடுத்து, சூளையில் ஈரம் 6 முதல் 9 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைத்து ஒட்டுவார்கள். அப்புறம் பலகைகள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்த ஓரத்தில் நாக்கும் காடியும் வெட்டி, உரசி, பூச்சு. புற ஊதா விளக்கின் கீழ் அது நொடிகளில் இறுகிவிடும். தேயாமலிருக்க அதில் அலுமினியம் ஒக்சைட் கலப்பதுமுண்டு.

பழசானால் உரசிப் புதுப்பிக்கலாமா? (அக்கரைப்பற்று)

மேல்தோல் 3, 4 மில்லிமீற்றர் என்றால் ஓரிரு தடவை உரசலாம். 1 மில்லிமீற்றருக்கும் குறைவு என்றால் மெஷினைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். கடையில் "15 மில்லிமீற்றர்" என்பார்கள். அது மொத்தக் கனம். சாம்பிள் துண்டைக் கையில் வாங்கி, வெட்டுமுகத்தைப் பாருங்கள். மேல்தோல் தனிக் கோடாகத் தெரியும். அதை அளந்த பிறகு விலை பேசுங்கள்.

கறையான் தின்னுமா? (ஏறாவூர்)

தின்னும். மரம்தானே.

தளத்துக்குக் கொங்கிறீற் போட்டு ஒரு மாதம். இப்போது பதிக்கலாமா? (திருக்கோவில்)

பொறுங்கள். தடித்த பொலித்தீனை விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்தாலோ தரை கறுத்தாலோ இன்னும் காயவில்லை. பதிக்கும்போது சுவரோரம் 10 மில்லிமீற்றர் இடைவெளி கட்டாயம். மழைக்காலத்தில் வெள்ளம் உள்ளே வருகிற வீடென்றால், சரி, டைல்ஸே போட்டுவிடுங்கள்.