அந்த ஃபிலிப்பைன்ஸ் சிஸ்டர் யாருக்கு பதில் சொல்றாங்க?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் அபுதாபில நர்ஸா இருக்கேன். என்கூட நைட் டியூட்டி பாக்குற ஃபிலிப்பைன்ஸ் சிஸ்டரை போன மாசம் ஒரு பேஷண்டோட சொந்தக்காரர், "உங்க நாட்டுல வேலைக்காரிங்கள விட்டா வேற என்ன இருக்கு"ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டார். அவர் தமிழ்க்காரர்ங்கறது தான் எனக்கு இன்னும் வலிக்குது. சிஸ்டர் ஒரு வார்த்தை பேசல. ஆனா அன்னைலேர்ந்து தினமும் ஃபேஸ்புக்ல அவங்க ஊர் நெசவு, ஓவியம், பழைய நகைன்னு ஒவ்வொரு படமா போட்டு விளக்கம் எழுதுறாங்க. திட்டினவர் அதை பாக்கவே போறதில்ல. இதனால என்னக்கா பிரயோஜனம்? நான் அவங்களுக்கு என்ன பண்ணணும்?

ஒரு வாசகி

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை ரெண்டு நாளா திரும்பத் திரும்ப படிச்சேன். அந்த சிஸ்டர் பண்றது புதுசு இல்லம்மா, அவங்க நாட்டுல நூத்தி நாப்பது வருஷமா இருக்குற பழக்கம். ஸ்பெயின்காரங்க ஆண்ட காலத்துல அந்த மக்களை "இந்தியோ"ன்னு தான் கூப்பிடுவாங்க, நாகரிகம் தெரியாதவன்ங்கற இளக்காரத்தோட. அப்படி இருக்கும்போது 1884-ல மாட்ரிட்ல நடந்த ஓவியக் கண்காட்சில ஹுவான் லூனாங்கற ஃபிலிப்பினோ ஓவியர் தங்கப் பதக்கம் வாங்கினார், கூடவே இன்னொரு ஃபிலிப்பினோ ஹிடால்கோ வெள்ளி வாங்கினார். லூனா வரைஞ்சது என்ன தெரியுமா, ரோமாபுரில சண்டைக்கு விட்டு செத்துப்போன அடிமைகளோட உடம்பை தரையில இழுத்துட்டு போற காட்சி. ஏழரை மீட்டர் அகலத்துக்கும் மேல இருக்கற படம், இன்னைக்கு மணிலா தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. அந்த ஜூன் மாசம் ரெண்டு பேருக்கும் வச்ச விருந்துல 23 வயசுப் பையன் ஒருத்தர் எழுந்து, மேதைமைக்கு நாடு கிடையாதுன்னு பேசினார். அவர் தான் பின்னாடி ஃபிலிப்பைன்ஸோட தேசிய வீரரா ஆன ஹோசே ரிசால்.

உன் கேள்விக்கு பதில் ரிசால்கிட்டயே இருக்கு. அவர் அடுத்து செஞ்சது தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. லண்டன் போய் பிரிட்டிஷ் மியூசியத்துல உக்காந்து, மோர்காங்கற ஸ்பானிஷ் அதிகாரி ஃபிலிப்பைன்ஸைப் பத்தி 1609-ல வெளியிட்ட புத்தகத்தை முழுசா கையால காப்பி எடுத்து, ஸ்பெயின்காரங்க வர்றதுக்கு முன்னாடி எங்க ஆளுங்க கப்பல் கட்டினாங்க, வியாபாரம் பண்ணாங்கன்னு பக்கத்துக்கு பக்கம் குறிப்பு எழுதி பாரிஸ்ல அச்சு போட்டார். அதோட முன்னுரையை யாருக்கு எழுதினார்னு பாரு, திட்டின ஸ்பெயின்காரனுக்கு இல்ல, "ஃபிலிப்பினோக்களுக்கு"ன்னு எழுதினார். உன் சிஸ்டரும் அந்தாளுக்காக போடலம்மா. அவங்க ஊர்ல இருக்குற பிள்ளைங்க, அதே வார்டுல வாயை மூடிட்டு நிக்கற மத்த கபாயன்கள், அவங்களுக்காக போடறாங்க. கபாயன்னா நம்ம ஊர்க்காரன்னு தானே அர்த்தம்.

அவங்க போட்ட நெசவுப் படம் எதுன்னு நீ எழுதல. ஒருவேளை மின்டனாவோ தீவுல செபு ஏரிப் பக்கம் டிபோலி பழங்குடிப் பெண்கள் நெய்யற டினாலக்ங்கற துணியா இருக்கலாம். வாழை இனத்துல அபாகான்னு ஒரு செடி, அதோட நாரை உரிச்சு, முடிஞ்சு முடிஞ்சு நூலாக்கி, பாவுல முடிச்சு கட்டி கறுப்பும் சிவப்பும் ஏத்தி, இடுப்போட சேத்து கட்டிக்கற தறில நெய்வாங்க, கடைசில சோழியால தேச்சு மினுமினுப்பு கொண்டு வருவாங்க. டிசைன் கனவுல வரும்னு நம்பிக்கை. லாங் டுலாய்னு ஒரு பாட்டி, 1998-ல அரசாங்கம் அவங்களை தேசத்தோட பெரிய கைவினைஞரா கௌரவிச்சுது. இந்தத் துணியை ஒரு தடவை நல்லா பாத்துட்டா "வேற என்ன இருக்கு"ன்னு கேக்க வாய் வராது.

ஆனா எனக்கு ஒரு கவலையும் உண்டு. 1904-ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் கண்காட்சில 47 ஏக்கர்ல ஆயிரத்துக்கும் மேல ஃபிலிப்பினோக்களை கொண்டுவந்து வச்சாங்க, இகோரோட் மலைமக்கள் எப்பவாவது சடங்குக்கு மட்டும் செய்யறதை, அதாவது நாய்க்கறி சாப்பிடறதை, கூட்டம் பாக்கறதுக்காக அடிக்கடி செய்ய வச்சாங்க. அதுவும் "கலாச்சாரத்தை காட்டறது" தானே. இன்னைக்கு படம் எடுக்கறதும் விளக்கம் எழுதறதும் அவங்களே, அது பெரிய வித்தியாசம். இன்னொன்னு, சமவெளிக்காரங்களே மலைமக்களை கீழா பாத்த கதையும் அங்க இருக்கு. 1943-ல கார்லோஸ் ரோமுலோங்கற பெரிய தலைவர், இகோரோட்டுகள் ஃபிலிப்பினோக்களே இல்லன்னு புத்தகத்துல எழுதினார். அதனால ஒரு பழங்குடித் துணியை போடும்போது அது யாரோடதுன்னு பேர் சொல்லி போடறது ரொம்ப அவசியம்னு நெனைக்கிறேன், "எங்க ஃபிலிப்பினோ நெசவு"ன்னு பொதுவா சொல்லிட்டு போயிடக் கூடாது.

அப்புறம், தங்கமும் பட்டும் இருந்தா தான் மரியாதையா? வீட்டு வேலை செய்யறது கேவலமா? ஸைஸா க்ரூஸ் பகானின்னு ஒரு ஃபிலிப்பினோ பொண்ணு, ஹாங்காங்ல அவங்க அம்மாவும் வீட்டு வேலை, இவங்களும் கிட்டத்தட்ட பத்து வருஷம் அதே வேலை. முதலாளியம்மாகிட்ட கடன் வாங்கி கேமரா வாங்கி, தெருவை கறுப்பு வெள்ளைல எடுத்து ஃபேஸ்புக்ல போட்டாங்க. 2015-ல புகைப்படக்காரங்களுக்கு உதவற மேக்னம் ஃபவுண்டேஷனோட ஃபெல்லோஷிப் கெடச்சுது, அதுக்கப்புறமும் தன்னை மாதிரி புலம்பெயர்ந்த வேலைக்காரங்களை தான் படம் எடுத்தாங்க. உன் சிஸ்டர்கிட்ட கேளு, அவங்களுக்கு தெரிஞ்சிருக்கும்.

நீ என்ன பண்ணணும்னு கேட்ட இல்ல. 1989-ல ஃபிலிப்பைன்ஸ்ல லகூனா மாகாணத்துல ஒரு செப்புத் தகடு கெடச்சுது, ஒரு குடும்பத்தோட கடன் தீந்துச்சுன்னு எழுதிக் கொடுத்த பத்திரம், அதுல போட்டிருக்கறது சக வருஷம் 822, அதாவது கி.பி. 900. அதுல இருக்கற எழுத்துக்கு பேர் "காவி", பழைய ஜாவா எழுத்து, அது நம்ம பல்லவர் எழுத்துலேர்ந்து வளந்தது. இதை அவங்ககிட்ட சொல்லி, அதைப் பத்தி ஒரு நாள் போட சொல்லு. அந்த போஸ்டுக்கு கீழ நீ தமிழ்ல ரெண்டு வரி எழுது, உங்க தமிழ் நர்ஸ் வாட்ஸப் குரூப்லயும் போடு. அடுத்த தடவை நம்ம ஆள் ஒருத்தர் அப்படி பேசினா, அவங்க பதில் சொல்லணும்னு காத்துட்டு இருக்காதே, "அண்ணே, அப்படி பேசாதீங்க"ன்னு தமிழ்லயே நீ சொல்லிடு.

அன்புடன்,
அக்கா