மே அத்தைக்குத் தெரியும்

அன்புள்ள சார்,

கல்லூரி நாட்களிலிருந்து உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுவே முதல்முறை. விஷயம் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றினால் மன்னிக்கவும். ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ காமிக்ஸை ஆரம்பத்திலிருந்து வரிசையாகப் படித்து வந்தேன். சென்ற வாரம் 2007-இல் வெளிவந்த ‘ஒன் மோர் டே’ கதையை எட்டினேன். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரைச் சிறுவயதிலிருந்து வளர்த்த மே அத்தை குண்டடிபட்டுச் சாகக் கிடக்கிறார். அவரைக் காப்பாற்ற, மெஃபிஸ்டோ என்ற சாத்தானிடம் பீட்டரும் அவன் மனைவி மேரி ஜேனும் தங்கள் திருமணத்தையே கொடுத்துவிடுகிறார்கள். இருபது வருடக் கல்யாணம் நடக்கவே இல்லை என்றாகிவிடுகிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மார்வெலின் அப்போதைய தலைமை ஆசிரியர் ஜோ கெசாடாவுக்குப் பீட்டர் கல்யாணமானவனாக இருப்பது பிடிக்கவில்லை, அதற்காகவே இப்படி ஒரு கதை என்று பிறகு தெரிந்துகொண்டேன். இத்தனை பேர் நேசிக்கும் ஒரு பாத்திரத்தை ஒருவர் தன் இஷ்டத்துக்கு மாற்றலாமா? அந்த உரிமை யாருக்கு? ரசிகர்களைக் கேட்டிருக்க வேண்டாமா? இதற்கு மேலும் தொடர்ந்து படிப்பதில் ஏதாவது அர்த்தம் உண்டா? ‘வெறும் காமிக்ஸ்தானே’ என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

பி., கோயம்புத்தூர்

அன்புள்ள பி.,

கெசாடாவின் பெயருக்கு முன்னால் நீங்கள் போட்டிருந்த வசையை வெட்டிவிட்டேன். கதை பிடிக்கவில்லை என்றால் கதையைத் திட்டுங்கள். பத்துப் பக்கத்துக்குத் திட்டுங்கள், நானே வெளியிடுகிறேன். அதைச் செய்தவரின் தாயை இழுத்துப் பேசுவதற்கு ஸ்பைடர்மேன் எதற்கு, டாஸ்மாக் வாசல் போதுமே. உங்களை மாதிரி ராத்தூக்கம் கெட்டுப்போகும் அளவுக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏன் எழுத உட்கார்ந்ததும் இப்படி ஆகிவிடுகிறீர்கள் என்று எனக்குப் புரிவதே இல்லை.

நண்பர்களை விடுங்கள். ஐபிஎல்லில் சென்னை தோற்ற அன்று அவர்கள் சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள்.

உரிமை மார்வெல் நிறுவனத்துக்கு. 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் அந்தப் பையனை உருவாக்கிய நாளிலிருந்து அப்படித்தான். இதில் பேச ஒன்றும் இல்லை.

ரசிகர்களைக் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். ஒருமுறை கேட்டார்கள். 1988-இல் போட்டி நிறுவனமான டிசி, பேட்மேனின் துணைவன் ராபினாக அப்போது இருந்த ஜேசன் டாட் என்ற பையனை வில்லன் ஜோக்கர் கடப்பாரையால் அடித்து, குண்டு வைத்த கட்டடத்தில் விட்டுப்போவதாகக் கதையை நிறுத்தியது. பிழைப்பதா சாவதா என்பதை வாசகர்கள் சொல்ல வேண்டும். இரண்டு தொலைபேசி எண்கள், அழைப்புக்கு 50 சென்ட். பிழைக்கட்டும் என்றவை 5,271 அழைப்புகள், சாகட்டும் என்றவை 5,343. எழுபத்திரண்டு அழைப்பு வித்தியாசத்தில் பையன் செத்தான். கையிலிருந்த காசைப் போட்டு அவனைக் கொன்றவர்களும் உங்களையும் என்னையும் போன்ற ரசிகர்களே. சாத்தானிடம் கேட்பதற்குப் பதில் ரசிகர்களிடம் கேட்டிருந்தால் நல்லது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

அப்புறம், நீங்கள் துக்கம் காக்கும் அந்தக் கல்யாணமே மேலிடத்து ஏற்பாடுதான், தெரியுமா? செய்தித்தாளில் வந்துகொண்டிருந்த ஸ்பைடர்மேன் படத்தொடரில் பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணம் செய்துவைக்க ஸ்டான் லீ விரும்பினார். தினசரியில் கல்யாணம், புத்தகத்தில் பிரம்மச்சாரி என்றால் நன்றாக இருக்காதே என்று மாத இதழ்களில் அவசர அவசரமாகச் சம்பந்தம் பேசி 1987-இல் முடித்தார்கள். நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் வேஷம் போட்ட மாப்பிள்ளை பெண்ணை நிறுத்தி, ஸ்டான் லீயே நடத்திவைத்த விளம்பரக் கல்யாணம் வேறு. இப்படி வந்த திருமணத்தைப் பிறகு வந்தவர்கள் நல்ல கதைகளாக ஆக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் ‘புனிதமான ஒன்றை வியாபாரிகள் கெடுத்தார்கள்’ என்று அழாதீர்கள். வைத்தவர்களும் வியாபாரிகள், எடுத்தவர்களும் வியாபாரிகள்.

எங்கள் தலைமுறை தமிழில் படித்த ஸ்பைடர் வேறு ஆள், லயன் காமிக்ஸில் வந்த பிரிட்டிஷ்காரன். குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்று ஆரம்பித்தவன், போகப் போகக் குற்றவாளிகளைப் பிடிக்கிறவனாக மாறிவிட்டான். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல். வில்லனை நல்லவனாக்கிவிட்டார்களே என்று எங்கள் தெருவில் யாரும் கோபித்துக்கொண்டதாக நினைவில்லை. அடுத்த இதழ் கடைக்கு வந்துவிட்டதா என்பதுதான் ஒரே கவலை.

சரி, கெசாடாவின் வாதம் என்ன? கல்யாணம் பீட்டரை வயதானவனாக்குகிறது, விவாகரத்து செய்தால் இன்னும் வயதாகிவிடும், மனைவியைக் கொன்றாலும் அப்படியே, ஆகவே நடக்கவே இல்லை என்று ஆக்குவது மேல். கணக்கு சரிதான், கதையாகத்தான் வரவில்லை. கதையை எழுதிய ஸ்ட்ராசின்ஸ்கியே கடைசி இரண்டு இதழ்களிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னதாகவும் பிறகு சமாதானமானதாகவும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

உங்கள் கடிதத்தை நான் எடுத்துப் பேசக் காரணம் வேறு. கல்யாணத்தைப் பற்றி அவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், மே அத்தை ஒரே வரியில் குண்டடிபட்டுக் கிடக்கிறார். அவ்வளவுதான். இணையத்தில் இந்தக் கதையைத் திட்டுகிறவர்களும் பெரும்பாலும் அப்படியே கடந்துபோகிறார்கள். எனக்கோ இந்தக் கதையில் ஆற்றாமை அந்தக் கிழவியைப் பற்றியது மட்டும்தான்.

வரிசையாகப் படித்தவர் என்பதால் 1995-இல் வந்த 400-ஆவது இதழ் உங்களுக்கு நினைவிருக்கும். டிமேட்டீஸ் எழுதி மார்க் பேக்லி வரைந்தது. அட்டையே ஒரு கல்லறைக்கல். நினைவிழந்து கிடந்த மே அத்தை எழுந்துவிடுகிறார், வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒருநாள் பீட்டரோடு எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சிக்குப் போகிறார். அங்கே நின்று, நீதான் ஸ்பைடர்மேன் என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும் என்கிறார். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்தப் பையன் எதை மறைத்து மறைத்து ஓடினானோ, சொன்னால் அத்தையின் இதயம் நின்றுவிடும் என்று எதற்காகக் கல்லூரியிலும் வேலையிலும் காதலிலும் அவமானப்பட்டானோ, அது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. பிறகு வீட்டில், தன் கட்டிலில், பீட்டரும் மேரி ஜேனும் பக்கத்தில் இருக்க அவர் இறந்துபோகிறார். சிறுவயதில் அவர் வாசித்துக்காட்டிய பீட்டர் பான் கதையின் வரியை அவன் திருப்பிச் சொல்கிறான். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் இவ்வளவு இயல்பான சாவு எனக்குத் தெரிந்து குறைவு. எதிரி இல்லை, வெடிகுண்டு இல்லை. வயதான ஒரு பெண் தன் நேரத்துக்குப் போகிறார்.

எங்கள் பெரியம்மாவுக்கு இதய ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்த சமயத்தில் அவருடைய ஒரே தம்பி ஊரில் இறந்துபோனார். சொல்ல வேண்டாம், தாங்க மாட்டாள் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். சாவுக்குக் கிளம்பிய பெண்கள், கல்யாணத்துக்குப் போகிறோம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டு பட்டுப்புடவையில் படியிறங்கினார்கள். அதற்குப் பிறகு, தம்பி ஏன் போன் பண்ணவில்லை என்று கேட்டால் சொல்ல ஆளுக்கொரு பொய் வைத்திருந்தோம். காது சரியாகக் கேட்பதில்லை, மகள் வீட்டுக்குப் பெங்களூர் போயிருக்கிறார், போன் ரிப்பேர். அவர் கேட்பதும் மெல்லக் குறைந்தது. மறந்துவிட்டார் என்று நிம்மதியானோம். ஒரு மத்தியானம் முறத்தை மடியில் வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமல், “தம்பிக்கு வருஷத் திதி வருதே, யாருடா குடுக்கப் போறீங்க?” என்றார். வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. யார் சொன்னது என்று அண்ணி கேட்டதற்கு, “கல்யாணத்துக்குன்னு போனீங்களே, ஒருத்தி தலையிலயாவது பூ இருந்துச்சா?” என்றார். பிறகு ஏன் இத்தனை மாதம் கேட்கவே இல்லை? “நீங்க எல்லாரும் அப்படிப் பயந்துபோய் இருந்தீங்க. சரி, இருக்கட்டும்னு விட்டேன்.” கீரை உருவி முடித்து, காம்பைத் தனியாக ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்துபோனார்.

அந்த 400-ஆவது இதழைப் படித்தபோது எனக்கு அத்தையும் பெரியம்மாவும் ஒன்றாகிவிட்டார்கள். ஆகவே நான் நடுநிலையோடு பேசுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

1998-இல் என்ன செய்தார்கள்? செத்தது மே அத்தை இல்லை, பீட்டரின் பரம எதிரி நார்மன் ஆஸ்போர்ன் அமர்த்தி உருமாற்றிவைத்த ஒரு நடிகை என்றார்கள். உண்மையான அத்தையைக் கடத்தி வைத்திருந்தானாம், மீட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். உயிர் திரும்பியதில் எனக்கு வருத்தம் இல்லை, காமிக்ஸில் அது வாடிக்கை. ஆனால் அந்த உச்சியில் நின்று ‘எனக்குத் தெரியும்’ என்று சொன்னது யார்? ஒரு கூலி நடிகை! சாவை மட்டுமா எடுத்தார்கள், அவருடைய அறிவையும் சேர்த்து எடுத்துவிட்டார்கள். திரும்பி வந்த அத்தைக்கு ஒன்றும் தெரியாது. மறுபடியும் பொய், மறுபடியும் ஜன்னல் வழியாக ஓட்டம்.

இதைச் சரிசெய்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே ஸ்ட்ராசின்ஸ்கி. அடிபட்டு, கிழிந்த உடையோடு தூங்கிக்கொண்டிருக்கும் பீட்டரை அத்தை வந்து பார்த்துவிடுகிறார். 2002-இல் வந்த, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கிய வரிசையின் 38-ஆவது இதழ் முழுக்க இருவரும் பேசுகிறார்கள். சண்டைக்காட்சிக்காகக் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், பக்கம் பக்கமாக! அத்தையின் கணவர் பென் பெரியவர் செத்தது தன்னால்தான் என்று பீட்டர் ஒப்புக்கொள்கிறான், பின்னால் அவரைக் கொன்ற திருடனைத் தடுக்காமல் விட்ட கதையைச் சொல்கிறான். அத்தையோ, அன்று பென் வெளியே போனது தன்னோடு சண்டை போட்டுக்கொண்டதால், ஆகவே குற்றம் தன்னுடையது என்று இத்தனை காலம் நினைத்திருந்ததைச் சொல்கிறார். ஒரே வீட்டில் ஒரே சாவுக்காக இரண்டு பேர் தனித்தனியாகக் குற்றவாளியாக இருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த அத்தையைப் பாருங்கள், எப்படி நிமிர்ந்து நிற்கிறார்! 2006-இல் முகமூடியை ஊரறியக் கழற்றலாமா என்று பீட்டர் தடுமாறும்போது துணையாக நின்றவர் அவர். அதன் விலைதான் அந்தத் தோட்டா. சிறையிலிருந்து கிங்பின் என்ற தாதா ஏவியவன் பீட்டருக்கு வைத்த குறி அத்தைமேல் பட்டது.

இப்போது 2007-க்கு வாருங்கள். சாத்தான் கேட்டது கல்யாணத்தை. கூடவே, பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்பதையும் உலகம் மறந்துபோகிறது. உலகம் என்றால் அத்தையும் சேர்த்து. கவனித்தீர்களா? இரண்டாவது முறையாக அவர் மூளையிலிருந்து அதைத் துடைத்தெடுத்தார்கள். பீட்டர் அத்தை வீட்டில் கண்விழிக்கிறான், அவர் உயிரோடு இருக்கிறார், அவருக்கு எதுவும் தெரியாது. அந்த 38-ஆவது இதழின் பேச்சு, இரண்டு குற்ற உணர்ச்சிகள் ஒன்றையொன்று கண்டுகொண்டது, எல்லாம் போயிற்று. சாவுப்படுக்கையில் மயங்கிக் கிடப்பவரை எழுப்பிக் கேட்க முடியாதுதான். ஆனால் அவரை முப்பத்திரண்டு பற்களும் தெரியச் சிரிக்கும் ஒரு பொம்மையாக ஆக்கித்தான் காப்பாற்ற வேண்டுமென்றால், காப்பாற்றியது யாரை? தங்கள் தவிப்பைத்தான். அத்தையை இழக்க முடியாத ஒரு பையனின் பயத்தை. பென் பெரியவரின் சாவைச் சுமந்துதான் அவன் ஸ்பைடர்மேன் ஆனான், அவனுக்கே இன்னொரு சாவைச் சுமக்கத் தெம்பில்லை என்று எழுதியதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன், மனிதன்தானே. தெரிந்துகொண்ட ஒரு பெண்ணை மறுபடி தெரியாதவளாக்கியதைப் பொறுக்க முடியவில்லை.

கல்யாணத்துக்காகக் கத்தியவர்களுக்கு ஏதோ கிடைத்தது. 2009-இல் செய்தித்தாள் தொடரிலும் பீட்டரைப் பிரம்மச்சாரியாக்கிப் பார்த்தார்கள், வாசகர்கள் கொதித்ததும் சில மாதங்களில் எல்லாம் கனவு என்று சொல்லி மனைவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மே அத்தைக்குத் தெரிந்திருந்ததைத் திருப்பிக் கொடு என்று ஒருவரும் கத்தி நான் கேட்டதில்லை. நீங்களும் கத்தவில்லை, பி. அவர் உங்களுக்குக் கதையில் ஒரு காரணம், சுடுவதற்குக் கிடைத்த ஆள். இதில் உங்களுக்கும் கெசாடாவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றால் கோபித்துக்கொள்வீர்களா?

கோபித்துக்கொண்டு படிப்பதை நிறுத்திவிட வேண்டாம். தொடரலாமா என்று கேட்டிருந்தீர்கள், தொடருங்கள். 2007-க்குப் பிறகு வந்தவற்றில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. பீட்டருக்கும் மேரி ஜேனுக்கும் கல்யாணமாகி இரண்டு குழந்தைகளும் இருக்கும் ஒரு கதைதான் வேண்டும் என்றால், 2024-இல் ஜோனதன் ஹிக்மன் எழுத மார்க்கோ கெக்கெட்டோ வரைந்து தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ இருக்கிறது. வேறொரு உலகம், வேறொரு பீட்டர், முப்பது வயதைத் தாண்டியவன், தாடி வைத்தவன். உங்களுக்குப் பிடிக்கும். பென் பெரியவர் அதில் உயிரோடு இருக்கிறார். மே அத்தை செத்துப்போயிருக்கிறார். இருவரில் ஒருவர்தான் இருக்கலாம் என்று இவர்களுக்கு எவன் சட்டம் போட்டான் என்று தெரியவில்லை.