வாள்வால் மீன்களை மற்ற மீன்களோடு ஒரே தொட்டியில் வளர்க்கலாமா?

இரண்டரை அடி நீளத் தொட்டியில் நியான் டெட்ராக்களும் கோரிடோரஸ் மீன்களும் இருப்பதாகவும், அவற்றோடு வாள்வால் மீன்களைச் சேர்த்தால் சண்டை வருமா, எத்தனை சேர்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாள்வால் மீன் (ஸ்வோர்ட்டெயில்) பிற இனங்களைத் தேடிப்போய்த் தாக்கும் குணம் கொண்டதன்று. மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பகாவ் பட்டணத்தை ஒட்டி, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் தாமான் (குடியிருப்பு) வீட்டில் இம்மீன்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டியது சண்டையைப் பற்றி அன்று, தண்ணீரைப் பற்றி.

வாள்வால் மீனின் பூர்வீகம் மெக்சிகோவின் வெராகுரூஸ் தொடங்கி ஹோண்டுராஸின் வடமேற்கு வரை பரந்திருக்கும் ஓடைகள் ஆகும். அப்பகுதியில் சுண்ணாம்புப் பாறை மிகுதி. எனவே கால்சியமும் மெக்னீசியமும் கலந்த கடினமான, சற்றே காரத்தன்மை கொண்ட நீருக்கு அந்த உடல் பழகியிருக்கிறது. அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7 முதல் 8 வரையிலும், கடினத்தன்மை 10 டிகிரிக்கு (வெப்பம் அன்று, கடினத்தன்மையின் அலகு) மேலும் இருந்தால் அது செழிப்பாக வளரும். நம் பக்கத்துக் குழாய் நீரோ பெரும்பாலும் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படுவது, மென்மையானது. தோட்டப்புற வழக்கப்படி பீப்பாயில் மழைநீரைப் பிடித்துத் தொட்டிக்கு ஊற்றுபவர்களும் உண்டு. அதில் தாது உப்புகள் அநேகமாக இல்லையென்றே சொல்லலாம். இத்தகைய நீரில் விடப்பட்ட வாள்வால் மீன் உடனே இறந்துவிடாது. சில வாரங்களில் துடுப்புகளை உடலோடு மடித்து ஒட்டிக்கொண்டு, முன்னேறிச் செல்லாமல் நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் நெளிந்துகொண்டிருக்கும். கடைக்குப் போனால் இதை நோய் என்று கருதி மருந்துப் புட்டி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். மருந்துக்கு முன் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பதே முறை.

தீர்வு எளியது. மீன் கடைகளில் கிடைக்கும் நொறுக்கிய பவளக்கல்லை ஒரு வலைப்பையில் கட்டி, வடிகட்டிக்குள் நீரோட்டம் படும் இடத்தில் வையுங்கள். அது மெல்லக் கரைந்து கடினத்தன்மையை உயர்த்தும். முதலில் ஒரு கைப்பிடி போதும்; ஒரு வாரம் கழித்துச் சோதித்த பிறகு கூட்டலாம். வாங்கிய கல் உண்மையிலேயே சுண்ணாம்பு வகையைச் சேர்ந்ததுதானா என்று ஐயம் எழுந்தால், அதன்மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சரியான கல்தான். சமையல் உப்பைப் போடச் சொல்வோரும் உண்டு. உப்பு சோடியத்தைத் தருமே தவிர, கடினத்தன்மைக்குக் காரணமான கால்சியத்தைத் தராது. தவிரவும் உங்கள் கோரிடோரஸ் மீன்களுக்கு உப்பு ஒத்துவராது. அதேபோல், நம் ஊரில் எந்தத் தொட்டியைப் பார்த்தாலும் ஒரு கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை மிதக்கிறது. சண்டை மீனுக்கு அது நல்லது. வாள்வால் மீனுக்குத் தேவையில்லை, ஏனெனில் அது நீரை அமிலத்தின் பக்கம் இழுக்கும்.

இப்போது உங்கள் நியான் டெட்ராக்களுக்கு வருகிறேன். அவை அமேசான் படுகையின் மென்மையான, அமிலத்தன்மை கொண்ட நீரைச் சேர்ந்தவை. பண்ணையில் பிறந்தவை நடுநிலையான நீரைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆயினும் இரு தரப்புக்கும் அரைகுறையாக ஒத்துப்போகும் நீரில் இரண்டையும் வைப்பதைவிட, நியான்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவதே என் பரிந்துரை. சதுப்பு நில ஓடைகளில் வாழும் நம் நாட்டு ஹார்லெக்வின் ராஸ்போராவும் இதே காரணத்தால் பொருந்தாது. கடின நீரைத் தாங்கிக்கொள்ளும் சீப்ரா டேனியோக்களும் மோலிகளும் பொருந்தும். வெண்கல நிறக் கோரிடோரஸ் இருந்தால் அவை அப்படியே இருக்கலாம். டைகர் பார்ப் வேண்டாம், அது ஆண் மீனின் வாளைக் கடித்துக் குட்டையாக்கிவிடும். பாசியைத் தின்னட்டும் என்று கண்ணாடியில் ஒட்டி உறிஞ்சும் பண்டாராயா மீனை வாங்கிப் போடுவதும் வேண்டாம். அது ஓரடிக்கு மேல் வளரக்கூடியது.

பிளாட்டி மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் எளிதில் கலந்து இனம் பெருக்கும். காட்டு வாள்வால் மீன் பச்சை நிறத்தது; கடைகளில் நாம் பார்க்கும் சிவப்பு வகை பிளாட்டியோடு கலப்புச் செய்தே உருவாக்கப்பட்டது. ஆயினும் கரும்புள்ளி கொண்ட சில பிளாட்டி வகைகளோடு கலந்து பிறக்கும் குஞ்சுகளுக்குத் தோலில் கரும்புற்று வரக்கூடும். 1920களின் இறுதியில் மரபியல் ஆய்வாளர்களான மைரன் கார்டனும் கர்ட் கோஸ்விக்கும் இதைத் தனித்தனியே ஆராய்ந்ததிலிருந்து, புற்றுநோயின் மரபியலைப் படிக்க இம்மீன்கள் ஆய்வகங்களில் வளர்க்கப்படுகின்றன. குஞ்சுகளை வளர்க்கும் எண்ணம் இருந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஓர் ஆணும் மூன்று பெண்களும் போதும். 75 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் என்று கணக்கிட்டால் 90 லிட்டர் வருகிறது. மணலும் மேல்விளிம்பு இடைவெளியும் போக மிஞ்சுவது அதைவிடக் குறைவு. இரண்டு ஆண்களை விடுவதுதான் மிக மோசமான கணக்கு, ஏனெனில் வலியது மற்றதை ஓயாமல் துரத்தி மூலையில் ஒதுக்கிவிடும். ஆணைப் பெண்ணிடமிருந்து பிரித்தறிய வாளை மட்டும் நம்பாதீர்கள். வாள் என்பது வால் துடுப்பின் கீழ்ப்பகுதி நீண்டு வளர்ந்தது, இளம் ஆணுக்கு அது இன்னும் முளைத்திருக்காது. வயிற்றுக்கடியில் இருக்கும் குதத்துடுப்பைப் பாருங்கள்: பெண்ணுக்கு அது விசிறியாக விரிந்திருக்கும், ஆணுக்குக் குச்சியாகக் குறுகிப் பின்னோக்கிப் படிந்திருக்கும். பெண் மீன் திடீரென ஆணாக மாறிவிட்டது என்று பலர் சொல்வதற்கும் பெரும்பாலும் தாமதமாக முதிரும் ஆண்களே காரணம்.

தொட்டிக்கு மூடி கட்டாயம். வாள்வால் மீன் நன்றாகத் துள்ளும். வடிகட்டிக் குழாய்க்காக விடப்பட்ட சிறு இடைவெளியே அதற்குப் போதும். ஹீட்டர் நமக்குத் தேவையில்லை. இம்மீனுக்கு உகந்தது 22 முதல் 28 டிகிரி வரை. தகரக் கூரைக்கு அடியில் பிற்பகலில் நீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும், அப்போது பிராணவாயுவும் குறையும். நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்தால், ஆவியாதலால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும்.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுங்கள். குளோரினைப் போக்க வாளியில் நீரைப் பிடித்து வைப்பது பழைய வழக்கம். குளோரினைப் போல் எளிதில் ஆவியாகாத குளோராமின் கலந்த நீருக்கு அது பயன்படாது என்பதால் குளோரின் நீக்கி மருந்தையே பயன்படுத்துவது நல்லது. வாளியில்தான் வைப்பேன் என்றால் மூடி வையுங்கள். ஏடிஸ் கொசுவின் புழு அதில் கண்டெடுக்கப்பட்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதம் உங்களுக்குத்தான். தண்ணீர் வெட்டு முடிந்து குழாயில் முதலில் வரும் பழுப்பு நீரை ஒருபோதும் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

குஞ்சுகள் நீங்கள் கேட்காமலே வரும். சினைக்காலம் ஏறத்தாழ நான்கு வாரங்கள். பெண் மீன் விந்தணுக்களை மாதக்கணக்கில் சேமித்து வைத்துக்கொள்வதால், ஆணைப் பிரித்த பின்னும் ஈனும். ஓர் ஈற்றில் சில பத்துக் குஞ்சுகள் பிறக்கும், பெரிய பெண்ணாயின் நூறை நெருங்கவும் கூடும். பெற்றோரே அவற்றைத் தின்பதால், சில பிழைக்க வேண்டுமென்றால் ஜாவா பாசியும் நீரில் மிதக்கும் கியம்பாங் செடியும் அடர்த்தியாக இருக்கட்டும். கியம்பாங்கைத் தோட்டத்துக் கால்வாயிலிருந்து அள்ளி வராதீர்கள்: களைக்கொல்லி படிந்திருக்கலாம், தும்பியின் இளம்புழு ஒட்டி வந்தால் குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தின்றுவிடும். மிஞ்சும் குஞ்சுகளைக் கால்வாயில் விடுவதும் கூடாது. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் ஓடைகளில் இப்படி மனிதர் கொண்டுசென்ற வாள்வால் மீன்கள் நிலைத்துப் பெருகிவிட்டன. இரவுச் சந்தையில் மீன் விற்பவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்த குஞ்சுகள் என்றால் தீவனப் பொட்டலத்துக்கு மாற்றாகப் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள்.