149 ரூபாய்க்கு நீலச் செம்பருத்தி

கேள்வி: ஆன்லைனில் ‘நீலம், கறுப்பு, வானவில் கலர் செம்பருத்தி விதை, 50 எண்ணிக்கை’ என்று பார்த்து 149 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று வாரமாகத் தண்ணீர் ஊற்றுகிறேன். இரண்டே இரண்டுதான் முளைத்தன, அவையும் வெண்டைச் செடி மாதிரி இருக்கின்றன. பாதி விதை இன்னும் பாக்கெட்டில் இருக்கிறது. விற்றவரைக் கேட்டால், ‘முளைக்க வைக்க உங்களுக்குத் தெரியவில்லை, விதைக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார். பணம் திரும்புமா?
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ‘முளைக்கவில்லை’ என்ற சண்டையில் மட்டும் இறங்காதீர்கள். அது அவருக்குப் பிடித்த மைதானம். மண் சரியில்லை, தண்ணீர் அதிகம், வெயில் அதிகம் என்று பத்துக் காரணம் வைத்திருப்பார். நீங்கள் பிடிக்க வேண்டியது விளம்பரத்தில் போட்டிருந்த அந்தப் பூப் படத்தை. நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி இனத்தில் அசல் நீலம் கிடையாது. கலப்பினங்களில் வெளிறிய ஊதா, சாம்பல் கலந்த ஊதா வரை உண்டு, அவ்வளவுதான். குளிர்நாடுகளில் வளரும் வேறொரு செம்பருத்தி இனத்தில் நீலம் கலந்த ஊதாப் பூ உண்டு, ஆனால் அது கடலூர் வெயிலுக்குப் பிறந்த செடி அல்ல. மயில்கழுத்து நீலத்தில் அகல இதழ் விரித்து நிற்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பூத்தவை. கறுப்பு என்பது அடர்ந்த அரக்குச் சிவப்பு. வானவில்லுக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கலப்பினச் செம்பருத்தியின் விதை தாய்ச்செடியின் நிறத்தை அப்படியே கொடுக்காது. பத்து விதை போட்டால் பத்தும் பத்து விதமாகப் பூக்கலாம். ‘இந்த விதை, இந்த நிறம்’ என்று அடித்துச் சொல்லி விற்பதே சந்தேகத்துக்குரியது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களே இதழாக மாறிவிடுவதால் காய் பிடிப்பது இன்னும் அபூர்வம். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்கும் ஒற்றைச் சிவப்பு தினமும் இருபது முப்பது பூ கொடுக்கும். இத்தனை வருடத்தில் ஒரு காயைக்கூட நான் பார்த்ததில்லை. அப்படியிருக்க, 149 ரூபாய்க்கு 50 விதை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, மிச்ச விதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. பத்தை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். செம்பருத்தி விதை சிறியது, பழுப்பு நிறம், அவரை விதையின் வளைவு, மேலே மெல்லிய ரோமம். வெண்டை விதை உருண்டையாக, கிட்டத்தட்ட மிளகு அளவில், பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முளைக்க வைத்தும் பாருங்கள், இந்த முறை அவர் குறை சொல்ல இடமில்லாமல். செம்பருத்தி, வெண்டைக் குடும்பத்து விதைகளுக்குத் தோல் கெட்டி, தண்ணீர் சுலபமாக இறங்காது. விதையில் கண் போல ஒரு சின்னக் குழி தெரியும். அதற்கு எதிர்ப்பக்கம் நகவெட்டியால் லேசாக ஒரு கிள்ளு கிள்ளுங்கள். உள்ளே வெளுப்பு தெரிந்த உடனே நிறுத்திவிட வேண்டும், ஆழமாகப் போனால் பருப்பு அடிபடும். கை நடுங்கினால் உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்தாலும் போதும். இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டம்ளரில் போட்டு வையுங்கள். காலையில் உப்பியிருப்பவை தண்ணீர் குடித்தவை. உப்பாததை இன்னொரு முறை கிள்ளி மறுபடி ஊறப் போடுங்கள். பழைய வேட்டித் துண்டை நனைத்து, நன்றாகப் பிழிந்து, விதைகளை அதில் சுருட்டி டிபன் டப்பாவுக்குள் மூடி வைக்கவும். 25 முதல் 30 டிகிரி சூடு போதும், நம் ஊரில் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டாம். துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக்கூடாது. முளைக்காமல் போவதைவிட அழுகிப்போவதுதான் அதிகம், மூன்று வாரமாக ஊற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

உயிருள்ள விதை ஒன்றிரண்டு வாரத்தில் முளை விட்டுவிடும். முளைவிட்டதை அடியில் ஓட்டை போட்ட தயிர் கப்பில், தேங்காய் நார்க் கழிவும் மணலும் கலந்து, அரை அங்குல ஆழத்தில் வைக்கலாம். முளைத்த உடனே இலையைப் பார்த்து முடிவு கட்டிவிட வேண்டாம். செம்பருத்தி, வெண்டை, புளிச்சை எல்லாமே முதலில் ஒரே மாதிரி இரண்டு உருண்டை இலைகளைத்தான் விடும். போகப் போகத்தான் வேஷம் கலையும். அந்த இரண்டு செடிகளையும் பிடுங்காதீர்கள். வெண்டையாக இருந்தால் விதைத்து ஐம்பது நாள் போலக் காய் வரும், அதையும் ஒரு போட்டோ.

இனிப் பணம். 1966 விதைச் சட்டத்தை நம்பி இதில் பயனில்லை. அது உணவுப் பயிர், காய்கறி, பழம், பருத்தி, தீவனம் போன்ற விதைகளைப் பேசுகிறது. சான்று பெற்ற வெண்டை விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 65 சதவீதம் என்று அளவு உண்டு, பூச்செடிக்கு அப்படி ஒரு பிடிமானம் இல்லை. ஆனால் 2020 மின்வணிக விதிகள் உங்கள் பக்கம். விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் திரும்ப வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லக்கூடாது. ‘விதைக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்று அவர் எழுதி வைத்திருப்பது இதன் முன்னால் நிற்காது. விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை முதலில் எடுத்துவிடுங்கள், புகார் போன மறுநாளே படம் மாறிவிடும்.

அதற்கும் அசையவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். கடைசிக் கட்டம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் கடலூரிலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இருந்தாலும் 149 ரூபாய்க்கு அங்கே நடக்கச் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் குறைதீர் அதிகாரிக்குப் போகும் மெயிலிலேயே பணம் வந்துவிடும்.

செம்பருத்திதான் வேண்டுமென்றால், பக்கத்து வீட்டில் பென்சில் பருமனில் அரை அடிக் குச்சி ஒன்று கேளுங்கள். கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த செம்மண்ணில் நிழலில் நட்டால் ஒன்றரை மாதத்தில் வேர். செலவு, ஒரு டம்ளர் காபி கொடுத்த புண்ணியம்.

கேள்வி: நர்சரியில் 250 ரூபாய்க்கு வாங்கிய பெரிய மஞ்சள் செம்பருத்தி, போன வருடம் மஞ்சள். இந்த வருடம் சாதாரணச் சிவப்பு. செடியை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?
வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: மாற்றவில்லை, நீங்கள் வளர்த்துவிட்டீர்கள். பெரிய பூ ரகங்களைப் பெரும்பாலும் திடமான நாட்டுச் செடியின் மேல் ஒட்டுக்கட்டி விற்பார்கள். ஒட்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் தளிரை வெட்டாமல் விட்டால் அது மேலே ஏறி மஞ்சளை அமுக்கிவிடும். அடித்தண்டில் முழங்கை மாதிரி ஒரு முடிச்சு இருக்கும், தடவிப் பாருங்கள். அதற்குக் கீழே உள்ளதை ஒட்ட நறுக்கிவிடுங்கள். மேலே மஞ்சள் கிளை உயிரோடு இருந்தால் பிழைக்கும். அடுத்த முறை வாங்கும்போது தளிர் நுனியையும் பாருங்கள். எறும்பு வரிசை போகிறதென்றால் மாவுப்பூச்சி அங்கே குடியிருக்கலாம்.

கேள்வி: செம்பருத்தி டீ பாக்கெட்டில் ஒரு விதை கிடந்தது. நட்டால் செம்பருத்தி வருமா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வராது. அந்தச் சிவப்பு டீ புளிச்சைக் குடும்பத்து ரோசெல்லின் புல்லி இதழ், நம் செம்பருத்தியின் பூ அல்ல. காயவைத்த சூட்டில் விதை பிழைத்திருந்தால் ரோசெல் செடியாக வரும். இலை புளிக்கும், துவையல் அரைக்கலாம்.