48 வயது அம்மாவுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. கேன்சர் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

மன்னார்குடிப் பக்கம் கிராமம், அம்மாவுக்கு வயல் வேலை, வெற்றிலை புகையிலைப் பழக்கம் உண்டு, லேபில் ‘ஃபுல் பாடி செக்கப்’ எடுத்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அந்தப் பேக்கேஜில் சேர்க்கும் ட்யூமர் மார்க்கர் (புற்றின் அடையாளம் என்று ரத்தத்தில் அளக்கும் பொருள்) வேறு காரணங்களாலும் ஏறும், ஆரம்பப் புற்றில் ஏறாமலும் இருக்கும். காசு கொடுத்துப் பயத்தை வாங்குவதுதான். அம்மாவுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றையும் பார்த்தாக வேண்டும். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

புகையிலை போடுகிறவர் என்பதால் முதலில் வாய். அன்று காலை வெற்றிலை போடாமல், பல் தேய்த்து நன்றாகக் கொப்பளித்துவிட்டுப் போகட்டும். காவி படிந்த வாயில் திட்டு எதுவும் தெரியாது. புகையிலையை அடக்கிவைக்கும் கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு (இது இன்னும் மோசம்), இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், இவைதான் தேடுவது. சூட்டுப்புண் என்று மாதக்கணக்கில் பி காம்ப்ளெக்ஸ் விழுங்கியே பலருக்கு நாள் போய்விடுகிறது. அவருடைய மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக வாய்க்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் கன்னத்தின் உட்பக்கம் இறுகத் தொடங்கியிருக்கலாம். ‘புகையிலையை விட்டாச்சு, வெறும் வெத்தலையும் சீவலும்தான்’ என்பார்கள், இறுக்குவதே பாக்குதான்.

மார்பகத்தை நர்ஸ் அக்குள் வரை தடவிப் பார்ப்பார். மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம் போவது நல்லது. புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

கர்ப்பப்பை வாய்க்கு, உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்து ஒற்றி, ஒரு நிமிடம் விட்டு, எங்காவது வெளுக்கிறதா என்று பார்ப்பார்கள். கூட்ட நாளில் அந்த ஒரு நிமிடத்தைக் குறைத்தால், வெளுக்க வேண்டிய இடம் வெளுப்பதற்குள் ‘நார்மல்’ எழுதிவிடுவார்கள். வெளுத்தாலே புற்று என்றில்லை, கிருமித் தொற்றிலும் வெளுக்கும். கால்போஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் துளி சதை எடுத்து உறுதிசெய்வார்கள். புற்றுக்கு முந்தைய நிலையாக இருந்தால், பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் சுட்டோ உறையவைத்தோ அழித்துவிட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். 5 ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது அதனால்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், இந்தச் சோதனைக்கு ஒரு முறை அழைக்கப்பட்ட பெண்களிடையே கர்ப்பப்பை வாய்ப் புற்றால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. அம்மாவுக்கு மாதவிலக்கு நின்றிருந்தால் இந்த அமிலச் சோதனை சரிவராது. பார்க்க வேண்டிய இடம் உள்ளே ஏறிவிடும். இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்பிவி டெஸ்ட் கேளுங்கள்.

இத்தனையும் வீணாவது, ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்று சீட்டு கொடுத்த பிறகுதான். நடவு நேரத்தில் வந்த சீட்டு, கூலி போய்விடுமே என்று சுருக்குப் பையிலேயே கிடக்கும். சம்பா அறுப்பு முடிந்து வயலில் உளுந்து நிற்கும் மாசியில் டெஸ்ட்டை வைத்துக்கொண்டால், திருவாரூருக்கோ தஞ்சாவூருக்கோ இரண்டு மூன்று தடவை அலைய முடியும். ஆதாரும் காப்பீட்டு அட்டையும் கையில் இருக்கட்டும். சதை டெஸ்ட் எடுத்திருந்தால் ரிசல்ட்டை நீங்களே போய் வாங்கி டாக்டரிடம் காட்டுங்கள்.

மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டாலோ, உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலோ, மார்பில் கட்டி தட்டுப்பட்டாலோ மாசி வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். நாளைக்கே கூட்டிப்போங்கள்.